ரோசாவுக்கு ஊற்றிய தண்ணீர்

தாரும் ஈர மரமும் வெங்காயமும் சேர்ந்த ஒரு மணம் அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். அம்மா அதை வேறு உடுப்புகளோடு சேர்த்துத் துவைக்கவே மாட்டார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பவேரியாவில் நாங்கள் இருந்த ஏரிக்கரை ஊரிலிருந்து ஏரியின் நடுவிலுள்ள தீவுக்கு வெங்காயம், காஸ் சிலிண்டர், சீமெந்து என்று எல்லாவற்றையும் ஏற்றிப்போன 'ரோசா' என்ற மரக்கப்பலில் அப்பா வேலை செய்தார். அதற்கு முன் ஏழு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். எங்கள் சொந்த ஊரான ஊர்காவற்றுறையில் 'வத்தை' என்கிற சரக்குத் தோணி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர். "இப்பதான் நான் ஒரு ஆளாய் நிக்கிறன்" என்று அம்மாவிடம் சொல்லுவார்.

ரோசாவின் சொந்தக்காரர் ஹூபர் அதிகம் பேசாத மனிதர். மாரிக் குளிர் தொடங்கினால் கப்பலைக் கொட்டிலுக்குள் இழுத்தேற்றி, அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றிக் காயவிடுவார். எனக்குப் பத்து வயதான மாரியில், இடுப்புச் சத்திரசிகிச்சைக்காக அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, கொட்டில் பூட்டின் திறப்பு அப்பாவின் கைக்கு வந்தது. வெறுமனே காயும் கப்பலைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. "காய விட்ட வத்தை கடலைக் குடிக்கும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. கரையில் நிற்கும் தோணிக்குள் தண்ணீர் விட்டு வைத்தால்தான் பலகைகள் சுருங்காது. அடைப்பானை இறுக்கி வாளி வாளியாக ஊற்றினார். நானும் என் சின்ன வாளியோடு கூடவே ஊற்றினேன், பெருமையாக இருந்தது. தை மாதத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து பருத்துப் பலகைகளை நெம்பியதை யார் கண்டார்கள்? ஊர்காவற்றுறையில் எந்தத் தோணிக்குள் பனிக்கட்டி பிடித்தது!

பங்குனியில் அப்பா தண்ணீரை இறைத்துவிட, ரோசாவை ஏரியில் இறக்கினார்கள். முதல் சரக்கோடு இருநூறு அடி போவதற்குள் பொருத்துகள் விட்டுத் தாழ்ந்தது. அப்பா நீந்திக் கரையேறினார். வெங்காயம் ஒரு கிழமையாகக் கரையொதுங்கியது. தூக்கி எடுத்தபோது அடிமரம் முறிந்திருந்தது. இனி விறகுக்குத்தான் என்றார்கள்.

அப்பாவுக்கு ஜெர்மன் ஓடாது. வைத்தியரிடமோ அலுவலகத்திலோ 'டெர்மின்' என்று சந்திப்புக்கு நேரம் தந்தால் நான்தான் அவருடைய வாய். ஹூபரின் குசினி மேசைக்கும் அப்படித்தான் போனேன். அப்பா நெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னார்: "நான்தான் தண்ணி விட்டனான். ஊரிலை செய்யிறதைச் செய்தன். பிழை என்னிலைதான் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னால் வேலை போகும், திரும்பவும் கோப்பை கழுவல். என் வாளியும் நினைவுக்கு வந்தது. "மரம் நல்லாப் பழசாகிவிட்டது என்று அப்பா சொல்லுகிறார்" என்று ஜெர்மனில் சொன்னேன். ஹூபர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லத் தலையாட்டினார். கோடைக்குள் ஓர் இரும்புப் படகு வாங்கி அப்பாவையே கூப்பிட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவுக்கு இதுதான் கதை: "பிழையை முகத்துக்கு நேரை சொன்னனான். அந்த மனிசன் தலையை மட்டும் ஆட்டினவர். அப்பிடி ஒரு ஆள்!" நான் தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவேன். அவ்வளவு வெட்கம்.

போன வருடம் முதியோர் இல்லத்தில் ஹூபரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியுமே," என்றார். "அடிப்பலகைகளை முந்திய கோடையில் நானே புதிதாக மாற்றியிருந்தேன். நெஞ்சில் தட்டிக்கொண்டு எவன் மரத்தைக் குறை சொல்லுவான்? உன் அப்பா சொன்னது எனக்கு விளங்கிவிட்டது. நீ அன்று மாற்றிச் சொன்னதை அவரிடம் சொல்லாதே."

இப்போது கொட்டில் இருந்த இடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. வேலையிலிருந்து இளைப்பாறிவிட்ட அப்பாவின் சட்டையில் சவர்க்கார மணம் மட்டும்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு அவர் அந்தக் கதையைத் தொடங்கினார். முதல்தடவையாக நான் எழும்பாமல் இருந்து முழுவதையும் கேட்டேன்.