வெறும் ரெய்டு

அந்த மஞ்சள் பையை இப்போதும் வைத்திருக்கிறேன். ஏதோ ஜவுளிக்கடைப் பை. கடையின் பெயர் அழிந்துவிட்டது, காது ஒன்று அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது. எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணி போகும் இடமெல்லாம் அந்தப் பையும் வரும். ஆட்டம் தொடங்குமுன் எல்லோருடைய போனும் அதற்குள் போய்விடும். மற்ற கல்லூரிக்காரர்கள் போனை அணைத்துவிட்டுக் களத்தில் இறங்குவார்கள். நாங்களோ சத்தத்தை முழுதாக ஏற்றி, ஆளுக்கொரு பாட்டு வைத்து, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பையை மாட்டிவைப்போம். சிவகாசியைச் சுற்றிய ஊர்ப் பிள்ளைகள் நாங்கள். அணியில் பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ பட்டாசுக் கம்பெனியில் வேலை. கால் களத்தில் இருந்தாலும் ஒரு காது அந்தப் பையிலேயேதான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எங்கள் கேப்டன் அக்கா. எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அவருடைய அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஓர் ஆலையில், பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், ஆட்ட நேரத்தில் அக்காவின் அம்மா மட்டும் கூப்பிட வழியே கிடையாது. மற்றவர்களின் பெற்றோருக்கு ஒட்டுவதும் அடுக்குவதுமாக வெளி வேலை, மருந்து அறை ஆட்கள் மட்டும் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசலில் கொடுத்தால் சாயங்காலம்தான் கைக்கு வரும். அது தெரிந்தும் அக்கா தன் போனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பார்.

அணியில் பாடிப் போகிறவர்கள் முக்கியமாக நாங்கள் இருவர்தான். ஆட்ட விஷயத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை பாடிப் போய்ப் புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது முறை எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் போனவர் அவுட். அக்காவின் தாக்குதல் முழுவதும் இந்த விதியை நம்பித்தான் நின்றது. முதல் இரண்டு முறையும் யாரையும் தொடமாட்டார். எதிராளிகளை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்தடிப்பார், யாருக்குக் கால் பின்தங்குகிறது, யார் அவசரப்பட்டுக் கை நீட்டுகிறார் என்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அப்படிப் புள்ளியில்லாமல் திரும்புவதைத்தான் வெறும் ரெய்டு என்போம். மூன்றாவது முறை போகும்போது யாரைத் தொட வேண்டும் என்பது அவருக்கு முன்பே முடிவாகியிருக்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பயந்தவர்கள் பதுங்குவார்கள் என்று நினைக்கிறார்கள், என் பயம் அப்படிப்பட்டதல்ல. எதுவானாலும் உடனே முடிந்துவிட வேண்டும் என்று பறக்கும். கோட்டைத் தாண்டியதுமே பாய்ந்துவிடுவேன். சில நேரம் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு ஓடிவருவேன், சில நேரம் ஏழு பேருக்கடியில் கிடப்பேன்.

பேருந்தில் வரும்போதெல்லாம் இதே சண்டைதான். "பாத்துக்கிட்டே இருந்தா பாயிண்டு தானா வருமாக்கா?" என்பேன். "வெறுங்கையோட வந்தாலும் திரும்பி வந்துட்டம்லலே, அது பத்தாதா? உள்ள கெடக்குறவ எப்டி ஆடுவா?" என்பார் அக்கா. உண்மையில் நான் எடுத்த புள்ளிகளில் பாதி அவர் பார்த்துச் சொன்னதால் வந்தவை. "வலது மூலைக்காரிக்கு முட்டி சரியில்ல, அங்கன போ" என்று காதில் சொல்லி அனுப்புவார். ஆனால் ஆட்டக் குறிப்பில் பார்த்துச் சொன்னவர் பெயர் வராது. தொட்டவர் பெயர்தான் வரும்.

அந்த வருடம் விருதுநகரில் நடந்த இறுதிப் போட்டிக்குப் பல்கலைக்கழக அணித் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். எங்களில் ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. அக்காவுக்கு அது கடைசி வருடம். பல்கலைக்கழக அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. அதற்காகத்தான் அவர் வீடே காத்திருந்தது. அன்று காலை கம்பெனி வேனுக்கு நின்றுகொண்டிருந்த அவர் அம்மா, எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து, "சாப்பிட்டீகளாம்மா?" என்று கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ மட்டும் வேலைக்குப் போயிட்டா, நா அந்த ரூமுக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்றார். அந்தக் கையில் சாம்பல் நிற மருந்து ரேகைக்குள் ஏறியிருந்தது. என்ன தேய்த்தாலும் போகாதாம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். இரண்டு ரெய்டை அக்கா வெறுமனே கழித்துவிட்டு, மூன்றாவதற்குப் பாடிப் போனார். அப்போது மேற்கே அந்த வெடிச் சத்தம் கேட்டது. காதைவிட வயிற்றில்தான் முதலில் விழும் சத்தம் அது. எதிரே ஆடியவர்கள் சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களும் அக்காவை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் இப்படித்தான், சத்தம் கேட்டால் புகை எந்தத் திசையில் எழுகிறது என்றுதான் முதலில் தேடுவோம். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

பை அலறத் தொடங்கியது. ஒவ்வொரு பாட்டாக ஒலிக்க, ஒவ்வொருத்தியாக ஓடி எடுத்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று அழுதுகொண்டே சிரித்தார்கள். என் அப்பாவும் கூப்பிட்டார், அவர் கடையில்தான் இருந்தார். கடைசியில் ஒரே ஒரு போன் பையில் மிஞ்சியது. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் பி.டி. மேடம் யார் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, "கல்லு குவாரியில வெடி வச்சிருக்காங்கம்மா. கம்பெனி எதுவும் இல்ல. எந்திரி" என்றார். வழக்கமாக மதியத்தில் வைக்கும் வெடியை அன்று நேரம் தப்பி வைத்திருக்கிறார்கள். அக்கா தலையாட்டினார். நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் குரலைக் கேட்காமல் யார்தான் நம்புவார்கள்?

விட்ட ரெய்டை மறுபடி ஆடச் சொன்னார்கள். அக்கா கோட்டைத் தாண்டினார். பார்க்கவில்லை, இழுக்கவில்லை, காத்திருக்கவில்லை. நான் பாய்கிற மாதிரி நேரே நடுவில் பாய்ந்தார். எல்லோரும் சேர்ந்து அமுக்கினார்கள். அவர் கை நடுக்கோட்டை நோக்கி நீண்டு, எட்டாமல் நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாள் மட்டும் அக்கா என் ஆட்டத்தை ஆடினார். தோற்றோம்.

சாயங்காலம் பேருந்தில் அவர் போன் அடித்தது. "என்னடி, செயிச்சீகளா?" என்று அம்மா கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

தேர்வாளர்கள் என்னை எடுத்தார்கள். புள்ளிக் கணக்கில் நான்தான் மேலே இருந்தேன். அக்கா வந்து, "நல்லா ஆடுனலே. இனி இது ஒம் பொறுப்பு" என்று மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. இன்று நான் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அக்காவின் அம்மாவுக்கு ஒரு கட்டத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் அந்த அறையை விட்டு வெளியே வந்தார். மகள் உள்ளே போனார்.

என் மாணவிகளும் கேட்கிறார்கள், பாய்வதா, பொறுத்திருப்பதா, எது மிஸ் நல்லது என்று. புள்ளி வேண்டுமென்றால் பாயச் சொல்கிறேன். ஆனால் திரும்பி வருவதைத்தான் அதிக நேரம் பழக்குகிறேன். பயிற்சி நடக்கும்போது பை மைதானத்து வேப்பமரத்தில் ஓர் ஆணியில் தொங்கும். உள்ளே இப்போது என் போன் ஒன்றுதான், சத்தம் முழுதாக ஏற்றியபடி. அக்கா வேலை முடிந்து வாசலில் போனை வாங்கியதும் முதலில் அம்மாவையும், அடுத்து என்னையும் கூப்பிடுவார்.

நேற்றும் மேற்கே ஒரு சத்தம். மதிய நேரம்தான், குவாரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். மாணவிகள் வானத்தைப் பார்த்தார்கள். நானும்தான். புகை எதுவும் இல்லை. அதன்பிறகு சாயங்காலம்வரை விசிலை வாயில் வைத்திருந்தேனே தவிர, யார் எப்படி ஆடினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மாணவிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வழக்கமான நேரம் தாண்டியது. பிறகுதான் பை ஒலித்தது. அவசரமாக எடுத்ததில் போன் நழுவி மண்ணில் விழுந்தது.

"ஏலே, வெறும் ரெய்டுதான். வந்துட்டேன்" என்றார் அக்கா. பின்னால் கம்பெனி வேனின் ஹாரன் கேட்டது.

போனைத் துடைத்துப் பையில் போட்டு, பையை மறுபடி ஆணியில் மாட்டினேன். நாளைக்கும் கம்பெனி உண்டு.