காக்கா இல்லாத பானை

"காக்காவக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு எவளாச்சும் மேடை ஏறுவாளாடி?" என்று அத்தை கேட்டாள்.

என் தங்கையின் கல்யாண வரவேற்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவளுக்காக நான் செய்து முடித்திருந்த ஆரம் அம்மா வீட்டு மேசைமேல் ஒரு துண்டில் கிடந்தது. அப்பாவின் அக்காவான அத்தை, வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்ததும் வராததுமாக அதைத்தான் பார்த்தாள்.

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் நான் நகை செய்கிறேன். தங்கம் இல்லை. களிமண், செம்புக்கம்பி, பட்டுநூல், கொட்டாங்குச்சி, ரெசின் என்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் சேர்த்துச் செய்யும் நகை. முகம் தெரியாதவர்கள் போனில் பார்த்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் கையில் எடுத்து, "அழகா இருக்கு ஆத்தா" என்பார்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நேரே நகைக்கடைக்குப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சொந்தத்தில் ஒரே ஒரு கழுத்தாவது நாலு பேர் முன்னால் என் நகையோடு நிற்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை.

தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. மிஸ். பானையில் கல்லைப் போட்டுத் தண்ணீர் குடித்த காக்காவின் கதையை அவள் வகுப்பில் சொல்லாத வாரம் கிடையாது. "முகூர்த்தத்துக்குத் தங்கத்தப் போட்டுக்கிறேன். ரிசப்ஷனுக்கு எனக்கு அந்தக் கதையச் செஞ்சு குடுக்கா" என்று அவளே கேட்டாள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நெல்லிக்காய் அளவில் ஒரு பானையைக் களிமண்ணில் பிடித்து, முன்பக்கத்தை ஜன்னல்போல வெட்டிச் சுட்டெடுத்தேன். உள்ளே தண்ணீருக்கு, ஊற்றினால் கண்ணாடிபோல இறுகிவிடும் ரெசின். கல்லுக்குத்தான் அலைந்தேன். கூழாங்கல் கனத்தது, கண்ணாடி மணி பொய்யாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்த கத்தாழை மீனின் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பல்லில் ஏதோ இடறியது. அந்த மீனின் தலைக்குள் வெள்ளைக் கல் இருக்கும், எல்லோரும் துப்பிவிட்டுச் சாப்பிடுவோம். அன்றைக்கு நான் அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். பால் நிறம், வழுவழுப்பு, அந்தச் சின்னப் பானைக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் எங்கள் வீட்டில் வாராவாரம் தலைக்குழம்புதான். என் வீட்டுக்காரர் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "நகை எப்ப முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னலை டேப் ஒட்டி அடைத்து, முதல் பானையில் ரெசினை ஒரேயடியாக ஊற்றியதில் அது சோடா மாதிரி நுரைத்துப் பாழாய்ப் போனது. அடுத்ததில் கொஞ்சம் ஊற்றி, ஒரு கல்லைப் போட்டு, இறுகவிட்டு, மறுபடி கொஞ்சம் ஊற்றினேன். கல் விழ விழத் தண்ணீர் மேலே ஏறியது. காக்கா செய்த வேலையைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன், பொறுமைதான் அதைவிடக் குறைவு.

கடைசியாகக் காக்கா. கறுப்பேற்றிய செம்புக்கம்பியில் உடம்பு, கொட்டாங்குச்சிச் சில்லில் இறக்கை. பானை விளிம்பில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். முந்தானையில் சிக்கினால் கழற்றிக்கொள்ளத் தோதாக அதைச் சின்னக் கொக்கியில் மாட்டினேன்.

அத்தைக்கு மீன் கல் ஒரு குற்றமாகவே படவில்லை. "அமாவாசைக்குச் சோறு வைக்கிற பறவைடி அது. முன்னோருங்க வந்து உக்கார்றதுக்குப் பொண்ணு கழுத்துதான் கெடச்சுதா? அன்னவாசல்காரங்க என்ன நெனப்பாங்க?" என்றாள். அன்னவாசல்தான் மாப்பிள்ளை ஊர். அம்மா அத்தையிடம் மறுபேச்சுப் பேசியதே இல்லை. தங்கை என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கல்யாண வீட்டில் சண்டை வேண்டாமென்று நானே கொக்கியைக் கழற்றினேன்.

"இப்பப் பாரு, பொங்கப்பானை கணக்கா லட்சணமா இருக்கு" என்றாள் அத்தை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காக்காவை என் கைப்பையில் போட்டு வைத்தேன். எதற்கு என்று கேட்டால் பிடிவாதம்தான்.

வரவேற்பன்று அரக்குப் பட்டும் என் ஆரமுமாகத் தங்கை மேடையில் நின்றாள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவர்கள் "பானை நல்லாருக்கு" என்றார்கள். கதையைத்தான் யாரும் சொல்லவில்லை.

அப்போது அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரோடு மேடை ஏறினார்கள். ரெட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு ஆரத்தை உற்றுப் பார்த்தது.

"மிஸ், காக்கா எங்க?"

பக்கத்தில் நின்ற பையனும் எட்டிப் பார்த்தான். "பானை இருக்கு, கல்லு இருக்கு, தண்ணி மேல வந்திருச்சு. காக்கா எங்க மிஸ்?" அவ்வளவுதான், மொத்த வகுப்பும் பிடித்துக்கொண்டது. "அப்ப கல்ல யாரு மிஸ் போட்டது?" போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டார்.

கல்யாணப் பெண் என்ற நினைப்பே இல்லாமல் தங்கை மேடையிலிருந்து கத்தினாள்: "அக்கா! காக்காவக் கொண்டா!"

நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. அவசரத்தில் முதல் தடவை கொக்கி மாட்டவில்லை. மாட்டியதும் பிள்ளைகள் "கா... கா..." என்று கத்த, மண்டபமே சிரித்தது. தங்கையின் மாமியார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "நல்லவேளைங்க. நானும் அப்பப் புடிச்சுப் பாக்குறேன், எல்லாம் இருக்கு, காக்காயக் காணோமேன்னு. கேட்டா நீங்க தப்பா நெனப்பீங்களோன்னு பேசாம இருந்தேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்கிக்கொள்ள வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. பந்தியில் வேண்டுமென்றே அத்தைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் இலையை விட்டு நிமிரவே இல்லை.

அடுத்த அமாவாசையன்று மத்தியானம் அத்தையிடமிருந்து போன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் பேச்சு. எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"இப்பத்தான்டி காக்காய்க்குச் சோறு வச்சேன். பக்கத்துல வந்து உக்காந்துச்சு, நல்லாப் பாத்தேன். அதுக்குக் கழுத்து சாம்பக் கலரு. நீ முழுக்கக் கறுப்பா வச்சிருக்க."

"சரிங்க அத்தை" என்றேன்.

"என்ன சரி? எனக்குச் செய்யும்போது ஒழுங்காப் பாத்துச் செய்" என்றாள்.