போய்ட்டு வா

சால்டரிங் புகை அடங்கியதும், நானே செய்த சின்னக் கம்ப்யூட்டரை டிவியில் செருகினேன். கருப்புத் திரையில் ஒரு பச்சைக் கட்டம் கண் சிமிட்டியது. அவ்வளவுதான், நான் அமெரிக்காவில் இல்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ். நைனாவுக்குச் சித்தூர் மாம்பழக்கூழ் பாக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு என்னைப் பஸ்ஸில் கூட்டிவருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி அறையில் என் பின்னால் கைகட்டி நிற்பார். சட்டையில் புளித்த மாம்பழ வாசனை அடிக்கும். அவர் கூட்டிவராவிட்டால் எனக்கு இதெல்லாம் ஏது?

ஒருநாள் திரையைக் காட்டிக் கேட்டார். "இன்னாம்மா அது, கோ டூ?"

"பத்தாவது வரிக்குப் போன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்றேன் நைனா."

அவர் முகம் சுருங்கியது. "யாரையும் மொட்டையா போன்னு அனுப்பாத. போய்ட்டு வான்னு சொல்லு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். அப்படியும் ஒரு கட்டளை இருந்தது! கோசப் என்று பெயர். போன இடத்தில் வேலையை முடித்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். நைனாவுக்குத் திருப்தி.

பிறகு நான் அமெரிக்கா கிளம்பிய அன்று, சென்னை ஏர்போர்ட்டில் என்னிடமும் அதையேதான் சொன்னார்.

இப்போது இந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்காக நான் எழுதியிருக்கும் பேசிக் மொழியில் 'போ' கிடையாது, 'போய்ட்டு வா' மட்டும்தான். முதல் தடவை ஓட்டிப் பார்த்ததும் நைனாவுக்குப் போன் செய்தேன்.

"போச்சா?"

"போச்சு நைனா."

"வந்துட்சா?"

"வந்துட்சு."

"அதுக்காவது சொன்னா கேக்குது" என்றார்.