காபிக்குப் பால் இல்லாத வியாழக்கிழமை

1995, செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையில் ஏழு நிமிடம் தூறிவிட்டு, பெய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்காமல் மைசூர் வானம் மூடியே கிடந்தது. அந்த நேரத்தில் என் மனைவி காலித் தூக்குப் பாத்திரத்தோடு வாசற்படி ஏறி, மூச்சு வாங்க, "குடிச்சிடுச்சுங்க" என்றாள்.

"யார்?"

"பிள்ளையார். என் கையாலயே குடுத்தேன். ஸ்பூன் காலி."

கல்லுப் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி பதினோரு மணிக்கே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. டில்லியில் குடிக்கிறாராம், பம்பாயில் குடிக்கிறாராம், பெங்களூரிலிருந்து யாரோ போன் செய்து சொன்னார்களாம். லண்டனிலும் குடிக்கிறார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபோது, அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. லண்டனைப் பற்றி இவ்வளவு தெரிந்தவளுக்கு அது தெரியவில்லை.

எனக்குக் கவலை பிள்ளையாரைப் பற்றியல்ல. அந்தத் தூக்கில் போனது மூன்று அரை லிட்டர் பாக்கெட் பால். ஐந்து மணிக்கு வருகிறவர்களுக்குக் காபி போடுவதற்கென்று காலையிலேயே நான் வரிசையில் நின்று வாங்கி வைத்தது.

வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. அது மாளய பட்சம். பித்ருக்களுக்கான பதினைந்து நாளில் பெண் பார்ப்பது கிடையாது. பையன் ஹூப்ளியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். இரண்டே நாள் லீவு, வெள்ளிக்கிழமை இரவு வண்டியில் திரும்ப வேண்டும். ஆகவே அவனுடைய தகப்பனார் கொள்ளேகாலிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்: பெண் பார்க்க அல்ல, சும்மா காபி சாப்பிட வருகிறோம். பஜ்ஜி வேண்டாம், சொஜ்ஜி வேண்டாம், பூ வேண்டாம், பெண் பட்டுப் புடவை கட்ட வேண்டாம். காபி மட்டும். இப்படிக் காலண்டரை ஏமாற்றினால் பித்ருக்களும் ஏமாந்துவிடுவார்கள் என்று நம்புகிற ஜனம் நாங்கள். எப்படியானாலும், அந்த வருகைக்கு இருந்த ஒரே காரணம் காபி. அந்தக் காபியைத்தான் என் மனைவி கல்லுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"நம்ம பொண்ணுக்கு அமையணும்னு வேண்டிக்கிட்டுத்தானே குடுத்தேன்? வர்ற வழியில வேற வாங்கிக்கலாம்னு பாத்தேன். பூத்துல ஒரு சொட்டு இல்ல."

என் மகளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, வங்கியில் வேலை. அதற்கு முன் மூன்று இடங்கள் வந்து போயிருந்தன. ஒன்று ஜாதகம் சரியில்லை என்று போனது. மற்ற இரண்டும் என் வாயால் போயின என்பது வீட்டில் எல்லோருடைய கருத்து. ஒருவர் கொண்டுவந்த ஜாதகத்தில் தசை இருப்பைத் தப்பாகக் கழித்திருந்தார்கள். நான் திருத்திக் கொடுத்தேன். இன்னொரு வீட்டுப் பெரியவர் அரசிகெரெ வழியாகப் போகும் வண்டிக்கு ஒரு நேரம் சொன்னார். முப்பத்தாறு வருஷம் ரயில்வே கணக்கு ஆபீஸில் இருந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? இந்தப் பையனை மட்டும் என் மகள் ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பேசியிருந்தாள். பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாங்கிலிருந்து அரை நாள் லீவில் வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் யாரையும் திருத்தாதீங்க."

சரி என்றேன். பை எடுத்துக்கொண்டு பால் தேடக் கிளம்பினேன்.

தசராவுக்கு நான்கு நாள் இருந்தது. ஊர்வலம் போகிற ரோடுகளுக்கு மட்டும் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். யானைக்குக் கால் தடுக்கக் கூடாது, நாங்கள் விழுந்தால் பரவாயில்லை. அந்தத் தாரின் மேலேயே ஜனங்கள் சொம்பும் டம்ளருமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிற ஊர் இது. அதைக் கேட்க முனிசிபாலிட்டி வாசலில் நாலு பேர் சேர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. நான்கு பூத்துகளில் பால் இல்லை. எருமை வைத்திருப்பவன், இருந்ததையெல்லாம் இரட்டை விலைக்கு விற்றுவிட்டு வெறும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். "நாளை பன்னி சார்" என்று என்னை நாளைக்கு வரச் சொன்னான், ராஜா மாதிரி. ஓட்டலில் காபியே கிடையாது என்று சிலேட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். மைசூரில் ஓட்டலில் காபி இல்லாத நாளை நான் அறுபத்தாறு வயதில் பார்த்தேன்.

நாலே முக்காலுக்கு வெறுங்கையோடு வீடு திரும்பினேன். என் மகள் டிகாக்ஷனை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தரைக்கு வந்தார்கள். பையனுக்குத் தாயார் இல்லை. அப்பாவும் பிள்ளையும் மட்டும். தகப்பனார் பட்டுக்கூடு வியாபாரம் செய்து ஓய்ந்தவர், வாட்டசாட்டமான ஆள். அவர் கையில் ஒரு பித்தளைச் சொம்பு, அதன் வாயில் வாழையிலை வைத்துத் துணி கட்டியிருந்தது.

"பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் மடியிலயே வெச்சுட்டு வந்தனுங்க" என்றார். "நம்மூர்க் கோயில்ல ஒரே தள்ளுமுள்ளு. மைசூர்ல பாத்துக்கலாம்னு பாலைக் கையோட கொண்டாந்துட்டேன். உங்க லைன் பக்கம் சின்னக் கோயில் ஒண்ணு இருக்குதாமே?"

நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் அந்தச் சொம்பைப் பார்த்தோம். ஒரு லிட்டருக்குக் குறையாது.

"காபி குடிச்சிட்டு..." என்று என் மனைவி ஆரம்பித்து, எதைக் கொடுப்பது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

"காபி எங்கீங்க போயிருது? சாமி மொதல்ல. வாங்க, குடும்பத்தோட போயிட்டு வந்துருவோம்."

குடும்பத்தோடு என்றார். என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் செருப்பைப் போட்டேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் முடிகிற இடத்தில் அரசமரத்தடியில் இருக்கிறது அந்தக் கோயில். முழங்கால் உயரப் பிள்ளையார், தகரக் கூரை, ஒரு குண்டு பல்பு. சாதாரண நாளில் காக்கையும் நாயும்தான் சுற்றும். அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் நூற்றுப் பதினேழு பேர். பூசாரி "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். பிள்ளையாரின் காலடியிலிருந்து வெள்ளையாக ஒரு ஓடை இறங்கி, ஈரச் சாக்கின் அடியில் நுழைந்து, பின்பக்கச் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. அது குடித்ததில் மீதியாம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அப்படித்தான் விளக்கினார்.

"எவ்வளவு குடிச்சார், எவ்வளவு மீதின்னு அளந்தீங்களா?" என்று கேட்க வாயெடுத்தேன். என் மகள் முழங்கையால் இடித்தாள்.

"உங்க சார் சிரிக்கறாரே, நம்பிக்கை இல்லையோ?" என்றார் அந்த ஆள் என் மனைவியிடம்.

"அவருக்குப் பல்லு எடுப்பு. எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். பையனின் தகப்பனார் அதுவரை பேசிக்கொண்டே இருந்தார். கலி முற்றிவிட்டதால் சாமி இறங்கி வந்திருக்கிறதாம். விஞ்ஞானிகள் வாயடைத்துப் போய்விட்டார்களாம். பௌதிகம் கற்பிக்கிற பிள்ளை அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். இவனிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

எங்கள் முறை வந்தது. முதலில் அவர். ஸ்பூனை நிரப்பித் தும்பிக்கையில் வைத்தார். கண் மூடித் திறப்பதற்குள் காலி. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பையன், காலி. என் மனைவி, அன்று இரண்டாவது தடவையாக, காலி. என் மகள், காலி. "நீங்களும் குடுங்க" என்று ஸ்பூன் என் கைக்கு வந்தது.

இங்கேதான் என் கை தன் புத்தியைக் காட்டியது. வீணாய்ப் போகிற பாலில் முழு ஸ்பூன் எதற்கு என்று முக்கால் ஸ்பூன் மொண்டேன். கணக்கு ஆபீஸில் மசிக்கூட்டைத் தூக்குகிற மாதிரி, ஒரு சொட்டு சிந்தாமல், மட்டமாகப் பிடித்துத் தும்பிக்கையில் வைத்தேன். பால் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பூசாரி, "சரியாத் தொடுங்க" என்றார். தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். பால் அசையவில்லை. ஒரு பெண் குரல், "குடிக்கலியே! ஏதோ குறை இருக்கு" என்றது. உடனே அது பின்னால் ஒவ்வொருவராகக் கைமாறிப் போய், தெருமுனையிலிருந்து, "யாருக்காம்? யாருக்காம்?" என்று திரும்பி வந்தது.

பையனின் தகப்பனார் முகம் சுருங்கிவிட்டது. சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "இதென்னுங்க இது" என்றார் மெதுவாக. "எல்லாத்துகிட்டயும் வாங்கிச்சு. பொண்ணோட அப்பன் கையில மட்டும் வாங்க மாட்டேங்குது. மாளயத்துல கெளம்பாதீங்கன்னு எங்கக்கா சொன்னா. நான்தான் கேக்கல." பிறகு மகனைப் பார்த்து, "ஏழே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்குதல்ல?" என்றார்.

ஏழே முக்காலுக்குக் கொள்ளேகாலுக்கு பஸ் கிடையாது. ஏழரைக்கு ஒன்று, எட்டேகாலுக்கு ஒன்று. அதையும் நான் சொல்லவில்லை. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் மகள் பிள்ளையாரைப் பார்க்கவில்லை, பையனைப் பார்க்கவில்லை, என் ஸ்பூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல் குடிக்காது, ஐயா! ஸ்பூன் சாய்ந்தால் பால் வழியும், சாயாவிட்டால் வழியாது. உங்கள் பிள்ளையைக் கேளுங்கள், இதற்குத்தானே அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்! இவ்வளவும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நூறு பேருக்கு முன்னால், பல்பு வெளிச்சத்தில், சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயையும் திறந்துவிட்டேன்.

அப்போது யாரோ முழங்கையால் என் முழங்கையைத் தொட்டார்கள். பையன். கும்பிட்ட கையை எடுக்காமல், உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"ஸ்வல்ப முன்னால சாய்ங்க மாமா. ஃபுல்லா இல்லல்ல, அதான். அரை சென்டிமீட்டர் போதும்."

சாயங்காலம் முழுக்க என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் பக்தியோடு பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருட்டுப் பயல். எல்லாம் தெரிந்தவன், தகப்பனாருக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லாதவன். நான் அந்த வயதில் இப்படி இருந்திருந்தால் ரயில்வேயில் இரண்டு பிரமோஷன் கூட வாங்கியிருப்பேன்.

திறந்த வாயை மூடினேன். ஸ்பூனின் முனையைச் சாய்த்தேன். அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. பால் ஒரு நூலாக இறங்கியது. தும்பிக்கையில் ஓடி, வயிற்றில் பரவி, ஏற்கெனவே ஈரமாயிருந்த கருங்கல்லோடு கல்லாக மறைந்து, காலடியில் சொட்டியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு இருபுறமும் நின்றவர்களும் அதே கண்ணோடுதான் நின்றார்கள். அவர்கள் பிள்ளையார் குடித்ததைப் பார்த்தார்கள். "குடிச்சிட்டார்! குடிச்சிட்டார்!" என்று கூச்சல் எழுந்தது. எனக்கு முன்னால் நின்றிருந்த அந்த ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கையை வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மற்றதைத் தகப்பனார் பிள்ளையாரின் தலையில் ஊற்றியது போக, சொம்பின் அடியில் கொஞ்சம் பால் மிஞ்சியிருந்தது. பிரசாதம் என்று தகப்பனாரே அதை என் மகளிடம் கொடுத்தார். எண்ணி நான்கு டம்ளர் காபி வந்தது. எனக்குக் கறுப்பாக ஒன்று. அவர் காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, மாளய அமாவாசை கழிகிறவரை எதுவும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பேசினார்.

"சாமி மொதல்ல யோசிச்சுது, பொறகு வாங்கிக்கிச்சு. அதுக்கு மேல நாம என்னங்க பேசறது? தை மாசம் வெச்சுக்கலாம். நகை, பணம், ஒண்ணும் வேண்டாமுங்க."

என் மனைவி அழுதாள். என் மகள் உள்ளே போய்விட்டாள். சமையலறையில் டம்ளர்களை எடுத்து வைக்கிற சத்தத்தில் பாட்டு மாதிரி ஏதோ கேட்டது. பையன் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டுமுங்க" என்றார் தகப்பனார், எழுந்து துண்டை உதறிக்கொண்டு. "இன்னைக்கு நடந்ததுக்கு ஞாபகமா, சீர்ல ஒரு வெள்ளிப் பிள்ளையார் வெச்சிருங்க. தும்பிக்கை கொஞ்சம் வெளிய நீட்டுனாப்பல இருக்கோணும், பால் குடுக்கறதுக்கு. கூட ஒரு வெள்ளி ஸ்பூனு."

அடுத்த நாளே பேப்பரில் விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள். மூன்றாவது பக்கத்தில், ஊறுகாய் விளம்பரத்துக்குக் கீழே. யாரும் படிக்கவில்லை. மைசூரில் எந்தப் பிள்ளையாரும் அதற்குப் பிறகு பால் குடித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் நகைக்கடைக்காரர்களுக்கு அந்தத் தகவல் எட்டவில்லை போலிருக்கிறது. நீட்டிய தும்பிக்கைப் பிள்ளையாருக்கு இப்போது கிராக்கி என்று சொல்லி, கூலியை ஏற்றினார்கள். மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் தராசு மட்டமாக இல்லை என்று சொல்லித் திருத்தியும் பார்த்தேன். திருத்திய பிறகு எடை கூடிற்று. பிள்ளையார், ஸ்பூன், கூலி, வரி எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்து நானூற்று எண்பத்திரண்டு ரூபாய்.