கிராம்பு ருசித்த நோன்பு

போன வருடம் நோன்பு மாதத்தில், ஈப்போவில் நடந்தது இது. நானும் கணவரும் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருக்கிறோம். நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் என் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கியிருந்தது. டாக்டர் உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். அந்தப் பக்கம் மெல்லுவதற்கு எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு பல்தான். எங்கள் குடும்பத்தில் பல் வலித்தால் பிடுங்கிப் போடுவதே வழக்கம். நான்தான் முடியாது என்று நின்றேன்.

அடுத்த தவணை நோன்பில் வந்து விழுந்தது. வாய்க்குள் தண்ணீர் பீய்ச்சுவார்களே என்று பெருநாளுக்குப் பிறகு தள்ளிப் போட்டேன். வலிதான் இல்லையே.

நோன்பு பாதியானபோது நாக்கில் கிராம்பு ருசி. நோன்போடு சமைப்பவள் நான். உப்புக்கூட வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. குருமா வாசம்தான் என்று நினைத்தேன். கடைக்குப் போகாத நாளிலும் ருசித்தது. பல்லுக்குள் வைத்த மருந்தில் கிராம்பு எண்ணெய் உண்டு; அடைப்பு கசிகிறது என்று அப்போதுதான் உறைத்தது. நோன்பு முறிந்துவிடுமோ என்று பகலெல்லாம் துப்பிக்கொண்டே இருந்தேன். "தெரியாம உள்ள போனா ஒண்ணும் இல்லலா" என்றார் கணவர். மனசு கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, ருசியில்லாத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

அவர் தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். "அக்கா, மருந்து வெளிய வருதுன்னா எச்சிலும் உள்ள போகுதுலா. அந்த அடைப்பு கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்."

"பெருநாள் முடிஞ்சு வாரேனே டாக்டர்."

"அப்ப வந்தா பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோன்பையும் விட மாட்டேன், பல்லையும் விட மாட்டேன் என்றேன்.

"சரி, புவாசா திறந்துட்டு வாங்க. கிளினிக்க மூடாம இருக்கேன்."

அன்று கஞ்சி குடித்து நோன்பு திறந்து, அந்தி மஃரிப் தொழுதுவிட்டு ஓடினேன். நல்லவேளை, பல் உள்ளே இன்னும் கெடவில்லை. சுத்தம் செய்து நிரந்தரமாகவே அடைத்து முடித்தார். எழுந்ததும், சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லக்கா. மத்தியானத்துலேருந்து ஆளு மேல ஆளு" என்று சிரித்தார்.

வயிறு நிறைந்து வந்து நான் படுத்திருக்க, அவர் பசியோடு நின்று வேலை பார்த்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெருநாளன்று ஆட்டுக்கறியை அந்தப் பல்லால்தான் மென்றேன். என் மார்க்கத்தைச் சேராத ஒரு பெண், என் நோன்பு குறைபடக் கூடாது என்று தன் வயிற்றைக் காயப்போட்டாள். இப்போது நோன்பு திறக்கும் ஒவ்வொரு மாலையும், என் பிள்ளைகளுக்குக் கேட்கும் துஆவில் அவளுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.