மதாம் சொன்னதும், நான் சொன்னதும், அவர்கள் கேட்டதும்

வேலை தெரிந்தவர்கள் முன்னால் போய் நின்று, அந்த வேலையை ஒரு நாளும் செய்திராத நான், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் என் தொழில்.

டிரெய்னர் என்று இதற்குப் பெயர். உங்களில் யாராவது இந்தப் பிழைப்பில் இருந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புரொஜெக்டர் வேலை செய்யாத நாளில்தான் பெரிய அதிகாரி வந்து கடைசி வரிசையில் உட்காருவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் வகுப்பில் நாம் பேசுவது நமக்கே தாலாட்டு மாதிரி இருக்கும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் சயின்ஸ் மிஸ்ஸாக இருந்துவிட்டு நான் இதற்கு வந்தேன். பிள்ளைகளைச் சமாளித்தவளுக்குப் பெரியவர்கள் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு சோப்பு ஃபேக்டரி. பிரெஞ்சுக்காரர்களுடையது. வேலை செய்யும் நாற்பது பேரில் பாதிப் பேர் குருசுக்குப்பம், காலாப்பட்டிலிருந்து வேனில் வரும் பெண்கள். மீதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்த ஆண்கள். எல்லாருக்கும் மேலே எலேன் என்ற பிரெஞ்சு அம்மா. எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதுகாப்பாக வேலை செய்வது எப்படி என்று வாரம் ஒரு வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததில் சிலது இங்கே.

எல்லாருக்கும் புரிந்த வகுப்பு

முதல் வகுப்பு, எண்ணெயோடு காஸ்டிக் சோடா கலக்கும்போது கண்ணை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பது. ஒன்றரை மணி நேரம் பேசினேன். படம் காட்டினேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். நாற்பது பேரும் ஒரே குரலில் புரிந்தது என்றார்கள். வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்கும் தாளில் அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் அந்தத் தாள்களைக் காட்டினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், காஸ்டிக் கலக்குகிற இடத்தில் ஒருத்தர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அஞ்சலையைத் தனியாகக் கூப்பிட்டேன். குருசுக்குப்பத்துக்காரர். பத்து வருஷம் மார்க்கெட்டில் மீன் விற்றவர், முட்டி வலி வந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவர். மற்றப் பெண்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். "நேத்து புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே?" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து தொண்டை காயப் பேசறீங்க. புரியலைன்னு சொன்னா உங்களுக்கு சங்கடமா இருக்காதா மிஸ்?"

பத்து இன்ட்டு

புரிந்ததா என்று கேட்டுப் பயனில்லை, செய்யச் சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு தேர்வு வைத்தோம். ஒவ்வொருத்தரும் பத்து வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். மதாம் பக்கத்தில் நின்று பார்த்து, தாளில் பத்துக் கட்டங்களிலும் குறி போடுவார். காலாப்பட்டு கலைச்செல்வி அவ்வளவு சுத்தமாகச் செய்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கண் வீங்கியிருந்தது. தாளை எடுத்து நீட்டினாள். பத்துக் கட்டத்திலும் இன்ட்டு. எனக்கும் புரியவில்லை. அங்கேயே நின்று மதாமுக்குப் போன் போட்டேன். அவர்கள் ஊரில் சரி என்றால் கட்டத்துக்குள் இன்ட்டு போடுவார்களாம், தப்பு என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்களாம். கலைச்செல்வி அழுததைக் கேட்டு மதாமுக்கு என்னைவிடக் குழப்பம். அந்தக் குறியைப் பார்த்து ஏன் அழ வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். நான் கலைச்செல்விக்கு விளக்கினேன். அவள் தாளை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டு நாளா நான் பாஸானதுக்கா மிஸ் அழுதுக்கிட்டு இருந்தேன்?"

நடுவில் ஒருவர்

முதல் வகுப்பில் புரிந்தது என்று கூடவே சொன்னார்களே தவிர, ஒடிசாக்காரர்களுக்கு என் தமிழ் போகாது. என் இந்தி பரீட்சை இந்தி. அதனால் பிகாஷை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டேன். முப்பது வயதிருக்கும். ஏழு வருஷமாகப் புதுச்சேரியில் இருக்கிறார். "வந்துட்டேன், போறேன்" என்று நம்மைப் போலவே பேசுவார். அன்றைய பாடம் கையுறை. நான் பத்து நிமிஷம் பேசினேன். பிகாஷ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இன்னொரு பத்து நிமிஷம் பேசினேன். அதற்கும் ஒரு வாக்கியம். கடைசியில் நான் "நன்றி" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து கால் மணி நேரம் பேசினார். கையைத் தூக்கிக் காட்டி, யாரையோ பேர் சொல்லித் திட்டி, சிரிக்க வைத்து முடித்தார்.

வகுப்பு முடிந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்.

"முதல்ல, 'இந்த மேடம் நல்லவங்க, முடியற வரைக்கும் அமைதியா இருங்க'ன்னு சொன்னேன். அப்புறம் பாடத்தை நானே சொல்லிட்டேன் மேடம்."

முடியாது என்று சொல்லும் பாடம்

மதாமுக்கு ஒரு பெரிய குறை. ஒவ்வொரு மிஷினிலும் சிவப்பு பட்டன் இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் அழுத்தி நிறுத்தலாம். ஆனால் ஒருத்தரும் அதைத் தொடுவதில்லை. சூப்பர்வைசர் தப்பாகச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவர்கள் ஊரில் தொழிலாளிகள் காலையில் வந்ததும் முதலில் எதிர்த்துத்தான் பேசுவார்கள், அதற்குப் பிறகுதான் வேலை என்றார். பெருமையாகச் சொன்னாரா, சலித்துக்கொண்டு சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படி மறுப்பது என்று நடித்துப் பழகலாம் என்றேன். நான் சூப்பர்வைசர். அஞ்சலை தொழிலாளி. "ஓடற மிஷின்ல சோப்பு சிக்கிக்கிச்சு, கையை விட்டு எடும்மா" என்றேன். அவர் முடியாது என்று சொல்ல வேண்டும். அஞ்சலை பேசாமல் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். மூன்று தடவை செய்து பார்த்தும் இதேதான். "மார்க்கெட்ல ஒருத்தர் வஞ்சிரத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஹாலே சிரித்தது. "இதையே கொஞ்சம் மரியாதையா சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க, போதும்" என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அங்க கூடை என்னுது மிஸ். இங்க மிஷின் என்னுதா?"

சத்தம் நின்ற மத்தியானம்

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நானும் மதாமும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அடுத்த பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மிஷின் சத்தம் மொத்தமும் நின்றது. ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் உள்ளே ஒரு ஆள் கத்துவது கேட்டது. ஓடினோம். சோப்பைத் தகடாக அழுத்தும் ரோலரில் பிகாஷின் வலது கையுறை சிக்கி, விரலையும் சேர்த்து இழுத்திருந்தது. முகம் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். கலைச்செல்வி அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மெக்கானிக் வந்து ரோலரைத் திருப்பிக் கையை விடுவித்தார். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரலில் எலும்பு விரிசல், ஒரு நகம் போய்விட்டது. இன்னும் இரண்டு நொடி ஓடியிருந்தால் கை இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

மிஷினை நிறுத்தியது அஞ்சலை என்று தெரிந்ததும் மதாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உங்கள் பயிற்சிதான் ஒரு கையைக் காப்பாற்றியது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன், ஒரு வகுப்பாவது உபயோகப்பட்டதே. அஞ்சலையிடம் போய், "எப்படிங்க அவ்ளோ சீக்கிரம் பட்டனை அழுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"பட்டன் ஞாபகமே வரலை மிஸ். வீட்ல ஷாக் அடிச்சா மெயினைத்தானே இறக்குவோம், ஓடிப்போய் அதை இறக்கிட்டேன்."

எப்பவும்

சாயங்காலம் கட்டுப் போட்டுக்கொண்டு பிகாஷ் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டார். ஊரில் இருக்கிற மனைவிக்கு இன்னும் சொல்லவில்லையாம். வீடியோவில் கூப்பிட்டால் கையைக் கீழே வைத்துக்கொண்டு பேசிக்கொள்கிறேன் என்றார். எனக்கு மனசு கேட்காமல், "ரோலர்கிட்ட எதுக்கு கையுறை போட்டீங்க? அது இல்லன்னா விரல் வழுக்கி வந்திருக்குமே" என்றேன். மெக்கானிக் அப்படித்தான் சொல்லியிருந்தார். சுழலும் ரோலர் பக்கத்தில் கையுறையோடு போகவே கூடாதாம்.

பிகாஷ் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"எப்பவும் கையுறை போடணும்னு நீங்க சொன்னீங்களே மேடம். அந்த ஒண்ணை மட்டும் நான் மாத்தாம அப்படியே சொன்னேன்."

நாற்பது பேர் முன்னால்

வீட்டுக்கு வந்து என் பாடத்தைத் திறந்து பார்த்தேன். 'எப்பவும்' என்றுதான் இருந்தது. காஸ்டிக் கலக்கும் இடத்தில் எப்பவும் என்பது என் மனசில் இருந்தது. தாளில் இல்லை. மறுநாள் காலையில் மதாமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த விபத்தில் என் பங்கு இருக்கிறது, காப்பாற்றியதில் என் பங்கு இல்லை என்றேன். இனி வரவேண்டாம் என்று சொல்வார் என்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவரோ, இதையே அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றார். தண்டனையா, மன்னிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சொன்னேன். படம் எதுவும் போடவில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அதனால் பிகாஷுக்கு அடிபட்டது, ரோலர் பக்கம் கையுறை போடாதீர்கள் என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். பிகாஷ் முதல் வரிசையில் கட்டோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். இந்த முறை நான் பேசிய அளவுக்கே அவரும் பேசினார். "நான் சொன்னது தப்புன்னு உங்கள்ல யாருக்காவது அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியில் பார்த்தால் பாதி ஹால். ஏன் சொல்லவில்லை என்றேன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அஞ்சலைதான் எழுந்தார்.

"முன்னெல்லாம் நாங்க ரோலர்கிட்ட கழட்டி வெச்சிட்டுத்தான் செய்வோம் மிஸ். நீங்க படிச்சவங்க, மாத்திச் சொல்றீங்க, வெளிநாட்டு முறை போலன்னு பயந்துக்கிட்டே போட்டுக்கிட்டோம்."

பிகாஷின் விரல் கூடி அவர் வேலைக்குத் திரும்பிய வாரம், 'சிறந்த பயிற்சியாளர்' என்று கம்பெனி எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு பெட்டி லாவண்டர் சோப்பும் கொடுத்தது. எதற்காக என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.