வேலியில் தொங்கிய நண்டுக் கூண்டுகள்

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் மச்சான் செல்வம். பாகான் டத்தோவில் நண்டு பிடித்துப் பிழைக்கும் சூசை. அவர் மனைவி மேரி.

நானும் செல்வமும் எங்கள் ஊர் பத்து காஜாவிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் மிதவை கட்டிய நண்டுக் கூண்டு போடுவோம். பொழுதுபோக்குத்தான். அன்று மூன்று கூண்டுகளைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தால், மூன்றும் சூசை வீட்டு வேலியில் தொங்கின.

"திருட்டுப் பயலே" என்றேன், அவர் மனைவி முன்னாலேயே. மேரிதான் கேட்டார்.

"திருடுனவன் வேலியில மாட்டி வைப்பானா அண்ணே? கயிறு எத்தன அடி கட்டுனீங்க?"

"எட்டடி."

"அமாவாச பௌர்ணமிக்குக் கடல்ல பெரிய தண்ணி ஏறுனா எட்டடி காணாது லா. மிதவை கூண்டையே தூக்கிட்டுப் போயிடும். படகு போற வழியில கெடந்துச்சு, இவருதான் எடுத்து வந்தாரு. பேரும் எழுதல. யாருகிட்ட குடுக்குறது?"

செல்வம் என்னைப் பார்க்காமல், "கயிற எட்டடியா அளந்து வெட்டுனது நீங்கதான் மச்சான்" என்றான்.

சூசையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சரி விடுங்க. கூண்டுக்குள்ள ஒரு கல்லும் கட்டுங்க" என்றார்.

அந்த வாரமே இருபதடிக் கயிறு மாற்றினேன். கல் கட்டினேன். மிதவைகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். எனக்கு எழுத்து சரியாக வராது. இருந்தும் எல்லாவற்றிலும் என் பெயரை நானே எழுதினேன்.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் என் கவனக்குறைவால் இனி இன்னொருவர் திருடன் ஆகக் கூடாது.

அடுத்த ஞாயிறு, தண்ணீர் வடிந்ததும் என் பெயர் போட்ட மிதவைகளை எண்ணினேன். போட்டது ஆறு. இருந்தது ஆறு.